யாழ் செய்த கை

பத்துப்பாட்டுள் ஆற்றுப்படை நூல்களைக் கற்பிக்கும் வகுப்பில் யாழைப் பற்றிய பகுதி வந்ததும் ஆசிரியரின் குரலில் ஒரு விரைவு வந்து சேர்வது வழக்கம். கரும்பலகையில் இரண்டு பத்திகள் வரையப்படும். இடப்பக்கம் உறுப்பு, வலப்பக்கம் உவமை. பத்தருக்கு மானின் குளம்புச் சுவடு, கோட்டுக்குத் தலை தூக்கிய பாம்பு, வறுவாய்க்கு எட்டாம் நாள் பிறை என்று மாணவர் படியெடுத்துக் கொள்வர். தேர்விலும் அதுவே கேட்கப்படும்; அதுவே எழுதப்படும். வள்ளலைக் காணப் புறப்படும் பாணனின் கதைக்கு இப்பகுதி வாயிலில் கட்டிய தோரணம் போன்றது என்ற எண்ணமே மாணவர் மனத்தில் தங்கி விடுகின்றது.

இவ்வெண்ணம் பிழையானது. இவ்வடிகளைப் பாடிய புலவர்கள் யாழைத் தொலைவில் நின்று கண்டு வியந்தவர்கள் அல்லர். மரத்தைக் குடைந்து, தோலைப் போர்த்து, ஆணி முடுக்கி, நரம்பு கட்டிய கைகளுக்கு அருகில் இருந்து பார்த்தவர்கள். அவர்களுடைய உவமைகள் பலவும் ஒரு பட்டறையின் செய்முறையைத் தம்முள் பொதிந்து வைத்துள்ளன. அச்செய்முறையை அறியாமல் உவமையை மட்டும் மனனம் செய்பவர் உறையைக் கையில் வைத்துக்கொண்டு மடலைத் தொலைத்தவர் ஆவர்.

முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படை 248 அடிகளைக் கொண்டது. அதன் தொடக்கத்திலேயே ஏறத்தாழ இருபது அடிகள் யாழுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. அங்குப் போர்வைத் தோலுக்குச் சொல்லப்படும் உவமை, வகுப்பில் ஆசிரியர் சற்றே கூச்சத்துடன் கடந்து செல்லும் உவமையாகும். சூல் கொண்ட சிவந்த மேனியாள் ஒருத்தியின் வயிறும், அதன் நடுவே மெல்லியதாய் ஒழுகும் மயிர் ஒழுங்கும் யாழின் போர்வைக்கு ஒப்பாகக் காட்டப்படுகின்றன. உடல் வருணனையில் புலவர்க்கு இருந்த நாட்டம் என்று கூறி நிறுத்துவாரும் உளர். ஆயின் அதனை அடுத்தே புலவர் பயன்படுத்தும் தொழிற்சொல் ஒன்று உளது. பொல்லம் பொத்துதல் என்பது அது. இரண்டு தோல்களைச் சேர்த்துத் தைத்து இணைத்தல் என்பது அதன் பொருள். பத்தரின் மேல் போர்த்த தோல் ஒரே துண்டன்று. நடுவே தையல் ஓடுகின்றது. அத்தையல்தான் வயிற்றின் நடுவே ஓடும் மயிர் ஒழுங்காயிற்று. புலவர் கண்டது பெண்ணையன்று, தையலை. அத்தையலைக் காட்டுவதற்கே அவர்க்கு அவ்வயிறு வேண்டியிருந்தது. இழுத்துப் போர்த்த தோலின் திரட்சி, நிறம், தையற் கோடு ஆகிய மூன்றையும் ஒரே உவமையில் அடக்கிய சிக்கனம் வியக்கத்தக்கது. 'பொல்லம் பொத்துதல்' என்ற சொல்லுக்குப் பொருள் கூறாமல் இவ்வுவமையைக் கற்பித்தல் இயலாது என்பதே இதனால் பெறப்படுவது.

ஆணிக்குக் கூறிய உவமையும் இத்தகையதே. வளையில் இருக்கும் நண்டின் கண்ணைப் போல ஆணிகள் துளைகளை அடைத்துக் கொண்டு தெரிகின்றனவாம். நண்டு வளையின் வாயில் நின்று நோக்குங்கால் அதன் கண் முழுதும் வெளியே வருவதில்லை, முழுதும் மறைவதுமில்லை. அடித்து இறக்கிய ஆணியின் தலையும் அவ்வளவே தெரிய வேண்டும். மிகத் துருத்தினால் கையில் இடறும். மிக அமிழ்ந்தால் பிடிப்புத் தளரும். ஆணியடித்துப் பழகியவர் கண்ணுக்கே இவ்வளவு தெரியும்.

திவவுக்கு வருவோம். யாழின் வளைந்த கோட்டில் நரம்பைப் பிணித்து நிறுத்தும் வார்க்கட்டே திவவு. பொருநராற்றுப்படை அதனை மாநிற மங்கையின் முன்கையில் அணிந்த வளையலாகக் காண்கின்றது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையும் வளையலையே சொல்கின்றது. அதனோடு நெகிழ்தலையும் இறுகுதலையும் சேர்த்துச் சொல்கின்றது. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையோ வளையலை விட்டுவிட்டுக் குரங்கு ஒன்றைக் கொண்டு வருகின்றது. பாம்பைப் பிடித்த கருங்குரங்கின் கை, பாம்பு நெளியுந்தோறும் தளர்ந்தும் இறுகியும் வருவது போலத் திவவு கோட்டைப் பற்றியுள்ளது என்கின்றது. பின்னைய இரு புலவரும் ஒன்றையே வலியுறுத்துகின்றனர்: திவவு அசையக் கூடியது; அதனை நெகிழ்த்தும் இறுக்கியும் சுருதி கூட்டினர்.

வீணையையும் வயலினையும் மட்டுமே கண்ட மாணவர்க்கு இது விளங்குவது அரிது. அவற்றில் முறுக்காணி உண்டு. திருகினால் தந்தி இறுகும். பழைய யாழில் அத்தகைய முறுக்காணி இல்லை. இதனை நேரிற் காண விரும்புவோர் பர்மாவின் சௌங் என்னும் வில்வடிவக் கருவியை நோக்குதல் வேண்டும். மரத்தைக் குடைந்து செய்த படகு போன்ற உடல், அதன்மேல் இழுத்துப் போர்த்த மான்தோல், பாம்பு தலை தூக்கியது போல் வளைந்தெழும் கோடு, அக்கோட்டில் வரிசையாகச் சுற்றிய சிவப்பு நூற்கயிறுகள், அக்கயிறுகளில் பிணித்த 16 நரம்புகள் ஆகியன அதற்குரியவை. மரபு வழியில் செய்த சௌங்கில் கயிற்றுச் சுற்றைத் திருகி நகர்த்தியே சுருதி சேர்ப்பர். அண்மைக்காலத்தில் சிலவற்றில் இரும்புத் திருகாணி பொருத்துகின்றனர், அது வேறு. கருநிறக் கோட்டின் மேல் அக்கயிறுகள் அடுக்கடுக்காய் நிற்பதைப் பார்த்தவர் முன்கை வளையல் என்ற உவமைக்கு உரை கேட்க மாட்டார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட உவமைக்கு அண்டை நாட்டில் உயிருள்ள உரை ஒன்று இருக்கின்றது. அதன் படம் ஒன்றை வகுப்பில் காட்டுவதால் ஐந்து பக்கக் குறிப்பு மிச்சமாகும்.

இம்மூன்று நூல்களினும் வேறான நெறியில் செல்வது மலைபடுகடாம். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடிய 583 அடிப் பாட்டு அது. பொருநராற்றுப்படையில் உவமைகள் நிறைந்து நிற்க, மலைபடுகடாத்தில் வினைச்சொற்கள் நிறைந்து நிற்கின்றன. நரம்பின் குற்றம் தீர உருவுகின்றனர். வரகுக் கதிர் போல் நுண்ணிய துளைகளை இடுகின்றனர். ஒலி அமைந்த பத்தரைப் பசை கொண்டு சேர்க்கின்றனர். துளை அடையுமாறு ஆணியை முடுக்குகின்றனர். வெண்ணிறக் கட்டு ஒன்றை அமைக்கின்றனர்; யானைக் கொம்பால் ஆனது என்று அதற்குப் பொருள் கொள்வர். பொன்னிறத் தோலைப் போர்க்கின்றனர். நுண்ணிய அரத்தால் கோட்டை அராவிக் களாப்பழம் போல் கறுத்து மின்னச் செய்கின்றனர். உருவுதல், இடுதல், சேர்த்தல், முடுக்கல், யாத்தல், போர்த்தல், அராவுதல் என இவ்வளவு தொழில்கள் பதினைந்து இருபது அடிகளுக்குள் அடங்கியுள்ளன. பசையும் அரமும் நுழைந்த யாழ் வருணனை என்பதனாலேயே இப்பகுதி தனித்து எண்ணத்தக்கது. அழகுக்காக மட்டும் பாடும் புலவர் பசையை நினைப்பதில்லை.

இங்கு ஒரு சொல்லின்பால் கருத்தைச் செலுத்துதல் வேண்டும். கட்டினைச் சொல்லும்போதும் தோலைச் சொல்லும்போதும் புலவர் 'புதுவது' என்ற சொல்லை இருமுறை ஆள்கின்றார். கோட்டையோ பத்தரையோ அவர் அவ்வாறு புதியது என்று கூறவில்லை. முழு யாழும் புதிதாகச் செய்யப்பட்டது என்பது கருத்தானால் இவ்விரண்டிடத்தில் மட்டும் அச்சொல்லை நிறுத்த வேண்டுவதில்லை. பழைய கோடும் பழைய பத்தரும் அப்படியே இருக்க, தளர்ந்த கட்டையும் நைந்த தோலையும் மாற்றிப் புதுப்பித்த யாழ் அது என்று கொள்ளுதற்கு இடமுண்டு. கதைப் போக்கும் இதற்கு இசைகின்றது. கூத்தர் சுற்றத்துடன் மலைவழியில் நெடுந்தூரம் நடந்து நன்னனைக் காணச் செல்கின்றனர். புரவலன் அவைக்கு முன் செல்லும் முன்னர்க் கருவியைச் செப்பனிட்டுக் கொள்வது எந்தக் கலைஞனும் செய்வதே. மரம் தலைமுறை கடந்து நிற்கும். தோலும் நரம்பும் அவ்வாறு நில்லா. இவ்வாறு கொள்ளின், தமிழில் இசைக்கருவி பழுதுபார்த்தலைப் பாடிய மிகப் பழைய இடங்களுள் இதுவும் ஒன்றாகும். சொல்லின் கிடக்கையும் தொழிலின் இயல்பும் இப்பொருளுக்கே துணை நிற்கின்றன.

ஆயினும் ஒரு குறை நெஞ்சை உறுத்துகின்றது. இத்தனை வினைகளையும் செய்தவன் யாவன்? ஆற்றுப்படைகளின் யாழ்ப் பகுதிகளில் வினைகள் உள. வினை முதல் இல்லை. தேர் செய்யும் தச்சனை ஔவையார் புறநானூற்றில் போற்றுகின்றார். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்ய வல்லவன் ஒரு திங்கள் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்தை அதியமானுக்கு ஒப்பிடும் அளவிற்கு அத்தச்சனுக்கு மதிப்பு இருந்தது. யாழ் செய்தவனுக்கு அத்தகைய ஒரு வரி கிட்டவில்லை. பாணர் தாமே செய்து தாமே செப்பனிட்டுக் கொண்டமையால் தனியே ஒருவனைச் சுட்ட வேண்டுவதில்லை என்று அமைதி கூறலாம். அவ்வமைதி முழு நிறைவு தருவதில்லை.

யாழ் செய்பவன் ஒருவன் கண்ணுக்குத் தெரியும் இடம் பெரும்பாணாற்றுப்படையில் வருகின்றது. அவன் பாணனும் அல்லன், தச்சனும் அல்லன், மாடு மேய்க்கும் இளைஞன். தீக்கடைகோலால் மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்து ஊதுகின்றான். அது சலித்ததும் குமிழ மரத்தின் உட்டுளை உள்ள கொம்பை வளைத்து, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து மீட்டுகின்றான். வண்டுகள் தம் இனத்தின் ஒலியோ என்று செவி கொடுக்கின்றன. பத்தரில்லை, தோலில்லை, பசையில்லை. கையிற் கிடைத்த கொம்பும் நாருமே பட்டறை. அரசவைக்குச் செல்லும் பேரியாழை விரித்துப் பாடிய நூலே இந்த மேய்ச்சல் நிலத்து யாழையும் மறவாமல் பாடியது அதன் பெருமைகளுள் ஒன்று. தொடக்கப்பள்ளி மாணவரும் சுவைக்கக் கூடிய பகுதி இது. பாடநூற் குழுவினர் இதனை ஏன் நாடுவதில்லை என்பது தெரியவில்லை.

பிற்காலக் காப்பியங்களுக்கு வந்தால் காட்சி மாறி விடுகின்றது. சிலப்பதிகாரக் கானல்வரியில் மாதவி தொழுது வாங்கும் யாழ், சித்திரத் துணியுறைக்குள் இருந்தது. பத்தர், கோடு, ஆணி, நரம்பு ஆகிய நான்கிலும் குற்றம் நீங்கியது. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையின் இசைப்போட்டிக்கு வந்த சீவகன் தன்முன் வைத்த கருவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளுகின்றான். ஒன்றன் மரம் நீரில் நின்று நைந்தது. ஒன்று வாளால் வெட்டுண்டது. ஒன்று இடி விழுந்தது. நரம்பின் பகையாகக் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என்னும் நான்கையும் பழைய மரபு எண்ணி வைத்துள்ளது. இவை யாவும் நுண்ணறிவே. எனினும் இது வாங்குபவனின் நுண்ணறிவு, செய்பவனுடையது அன்று. மலைபடுகடாம் குற்றத்தை எவ்வாறு நீக்குவது என்று காட்டுகின்றது. சிந்தாமணி குற்றத்தை எவ்வாறு கண்டுபிடிப்பது என்று காட்டுகின்றது. சீவகன் ஒரு கருவியையும் செப்பனிடவில்லை; தள்ளிவிடுகின்றான். அரங்கில் அது அவனுக்குப் பெருமை தருகின்றது. தள்ளப்பட்ட யாழ்கள் என்னவாயின என்பதைத் திருத்தக்க தேவர் கூறவில்லை. கூற வேண்டிய கடமையும் அவருக்கில்லை. ஆனால் செய்முறை பாட்டை விட்டு நீங்கிவிட்டதை மாணவர் இவ்விடத்தில் காணலாம். பின்னர்ப் பாட்டில் யாழ் இருந்தது. நாட்டில் யாழ் இல்லை.

இழந்த அந்த யாழை நூல்களினின்றே மீட்க முயன்றவர் விபுலாநந்த அடிகளார். மட்டக்களப்பைச் சேர்ந்த காரைதீவில் 1892இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய அடிகளார், அறிவியலும் கணிதமும் பயின்றவர். அவருடைய யாழ்நூல் 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் அரங்கேறியது. அவருடைய ஆராய்ச்சியின் வழிச் செய்த யாழ்கள் அங்கு மீட்டப்பட்டன. அடுத்த திங்களே அடிகளார் மறைந்தார். ஏழு இயல்கள் கொண்ட அந்நூலில் யாழுறுப்பியல் என்பது ஒன்று. ஏனையவை பெரும்பாலும் நரம்பின் அலகு, பாலைத் திரிபு, பண், தேவாரம் எனச் செல்வன. அடிகளாரைக் குறை கூறுவதற்காக இதனைச் சுட்டவில்லை. எண்ணால் மீட்கக் கூடியதை அவர் மீட்டார். பத்தரின் சுவர் எவ்வளவு கனம், தோலை எத்தனை நாள் ஊறவைப்பது, நரம்பை எவ்வளவு முறுக்கினால் அறாமல் நிற்கும் என்பனவற்றைப் பாட்டு சொல்லவில்லை. அது கைமாறிக் கைமாறி வர வேண்டிய அறிவு. கை அற்றுப்போன இடத்தில் எவ்வளவு பெரிய அறிஞரும் உய்த்துணரத்தான் முடியும்.

யாழுக்கு நேர்ந்தது வீணைக்கு நேரவில்லை. தஞ்சாவூரில் அந்தக் கை இன்னும் உளது. இல்லத்தோடு ஒட்டிய சிறு பட்டறைகளில் தந்தையிடம் மகன் கற்று வீணை செய்து வருகின்றனர். 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பலா மரத்தை வாய்ச்சியால் செதுக்கி, உளியால் குடத்தைக் குடைந்து, மேலே பலகை பொருத்தி, தண்டியை இணைத்து, யாளி முகத்தை முடிவில் சேர்ப்பர். குடமும் தண்டியும் ஒரே மரத்தில் அமைந்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து இணைத்தால் ஒட்டு வீணை. குதிரை, மெட்டு, பிரடை, நாகபாசம், சுரைக்காய் என ஒவ்வோர் உறுப்புக்கும் பெயருண்டு. முன்னர் யானைத் தந்தத்தால் செய்த ஒப்பனைக் கோடுகள், தந்த வணிகம் தடைப்பட்டபின் பிளாஸ்டிக்கால் செய்யப்படுகின்றன. மலைபடுகடாத்தின் வெண்கட்டு இன்று அந்நிலையில் நிற்கின்றது.

இச்சொற்களில் எத்தனை நம் பாடநூல்களில் உள்ளன? வீணை என்றவுடன் கலைமகள் கையும் பாரதியார் பாட்டும் நினைவுக்கு வரும். பாரதியார் வீணையைச் செய்தவளை நோக்கியே வினவுகின்றார் என்பது உண்மை. ஆயினும் அங்கு வீணை உயிருக்கு உருவகம். பலா மரம் அங்கு இல்லை. இக்காலக் கவிஞர்கள் வீணையை விரலோடும் கண்ணீரோடும் சேர்த்துப் பாடிய அளவிற்குப் பசையோடும் அரத்தோடும் சேர்த்துப் பாடியிருப்பின், பெருங்கௌசிகனாரின் வழி தூர்ந்திராது. மரத்தூள் படிந்த சொற்கள் கவிதைக்கு ஆகா என்று கருதுவோர் மலைபடுகடாத்தை மீண்டும் ஒருமுறை படித்தல் நன்று.

வீணையின் வாழ்நாளில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய பழுதுபார்ப்பு மேளம் கட்டுதல் எனப்படும். தண்டியின் இருபுறமும் கரிய மெழுகுத் திட்டுகள் நீண்டு செல்லும். அவற்றின்மேல் 24 மெட்டுகள் பதிந்திருக்கும். நாள்பட நாள்படத் தந்தி உராய்ந்து மெட்டு தேயும், வெப்பத்தில் மெழுகு இளகி மெட்டு நகரும், சுரம் பிசகும். அப்போது பழைய மெழுகை நீக்கி, உருக்கிச் சேர்த்த மெழுகைப் புதிதாக இட்டு, மெட்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்துவர். ஒரு மெட்டின்மேல் நான்கு தந்திகள் செல்வதால் ஒன்றுக்குச் சரியாக நின்றது மற்றொன்றுக்குப் பிழையாகலாம். அளவுகோல் ஓரளவிற்கே துணை செய்யும். அதன்பின் செவியே தீர்ப்புக் கூறும். மெட்டை மயிரிழை நகர்த்தி, தந்தியை மீட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டு, மீண்டும் நகர்த்துவர்.

மலைபடுகடாத்தில் நரம்பு கட்டுபவரும் குரல் என்னும் சுரத்தை ஓர்ந்து கேட்டே கட்டுகின்றார். பிழை ஒரு வெண்கடுகின் அளவும் இராமற் பார்த்துக் கொள்கின்றார் என்று புலவர் அளவும் கூறிவிடுகின்றார். தஞ்சைப் பட்டறையில் மெழுகு ஆறும் வரை காத்திருந்து, கடைசி மெட்டை விரலால் அழுத்திப் பார்ப்பவருக்கு அவ்வளவு என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.